அலமாரி மேலிருந்த மேகி பெட்டி

"என்ன இருந்தாலும் நம்ம காலத்துப் பாட்டு மாதிரி வராதுடி!"

விடுதி அறையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே என் தோழி இப்படிப் பெருமூச்சு விட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் கேட்டுக்கொண்டிருந்தது 1991ஆம் ஆண்டு வெளிவந்த பாட்டு. அவள் பிறந்தது 2004ஆம் ஆண்டு. நானும் அதே ஆண்டுதான். 'நம்ம காலம்' என்று அவள் சொன்ன காலத்தில் எங்கள் பெற்றோருக்கே திருமணம் ஆகியிருக்கவில்லை.

அவளைக் குறை சொல்லி என்ன பயன்? நானும் அப்படித்தான். 2024ஆம் ஆண்டு 'மஞ்ஞுமல் பாய்ஸ்' படம் பார்க்க ஒரு கூட்டமாகப் போயிருந்தோம். மலையாளப் படம்தான். ஆனால், 'குணா' படத்தின் பாட்டு திரையில் ஒலித்ததும் அரங்கில் பாதிப் பேர் சேர்ந்து பாடினார்கள். பாடியவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். அதே ஆண்டு 'லப்பர் பந்து' வந்தது; 1989ஆம் ஆண்டு வந்த 'பொன்மனச் செல்வன்' படப் பாட்டு மறுபடியும் எல்லார் வாயிலும் புகுந்தது. அதற்கு முன் 'லியோ'வில் 'ஏழையின் சிரிப்பில்' படப் பாட்டு. அதற்கும் முன் 'விக்ரம்' படத்தில் 1995ஆம் ஆண்டின் 'அசுரன்' படப் பாட்டு. (தனுஷ் நடித்த 'அசுரன்' அல்ல. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.) இயக்குநர்களுக்கு நம் பலவீனம் தெரிந்துவிட்டது.

அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்து, "அரங்கமே 'குணா' பாட்டுப் பாடிச்சுப்பா" என்று உற்சாகமாகச் சொன்னேன்.

"குணாவா?" என்றார் அப்பா. "அந்த வருசத் தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாள்ல வந்துச்சு பாப்பா. ரெண்டுக்கும் ராஜாதான் மியூசிக். கடைக்கு வந்தவங்க எல்லாரும் 'தளபதி'யத்தான் கேட்டாங்க. 'குணா' கேசட் ரொம்ப நாள் அடுக்குலயே இருந்துச்சு. இப்பப் பாடுறாங்களா? சரி, சரி. சாப்டியா?"

அவ்வளவுதான். அப்பாவுக்கு அப்போது வயது 19. கிள்ளானில், தெங்கு கிளானா சாலையில் ஒரு கேசட் கடையில் வேலை. இன்றைக்கும் அந்தச் சாலையில் நடந்தால் இந்தக் கடையின் பாட்டும் அந்தக் கடையின் பாட்டும் நடுரோட்டில் மோதிக்கொள்ளும். அந்த மோதலில் ஒரு பக்கம் என் அப்பாவின் கை இருந்தது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெருமை. பிறகு 1996ஆம் ஆண்டு சொந்த ஊரான தெலுக் இந்தானுக்குத் திரும்பி, சாய்ந்த கோபுரத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கடையில் பாதி இடத்தை வாடகைக்கு எடுத்துச் சொந்தமாகக் கேசட் கடை வைத்தார். 2008ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதை மூடினார். அந்தக் கடையைப் பற்றி எனக்கு நேரடியாக நினைவிருப்பது ஒன்றே ஒன்றுதான்: கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து நான் வடை தின்றது. மற்றதெல்லாம் கேள்விதான்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம், எங்கள் பல்கலைக்கழகத்தில் நடந்த தீபாவளி நிகழ்ச்சி. 'தொண்ணூறுகளின் மூலை' என்று ஓர் இடம் ஒதுக்கி அலங்கரிப்பது என முடிவானது. வாய் சும்மா இருக்காமல், "எங்கப்பா கேசட் கடை வச்சிருந்தார்" என்று கூட்டத்தில் சொல்லிவிட்டேன். அந்த நிமிடமே பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதலில் தின்பண்டங்களைப் பட்டியலிட்டோம். இதில்தான் சண்டை வந்தது. மாமி மான்ஸ்டரைப் பொட்டலத்திலேயே நொறுக்கி, மசாலாத் தூளைக் கொட்டி, வாயை மடக்கிப் பிடித்துக் குலுக்கித் தின்ன வேண்டும் என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டிங் டாங் பெட்டிக்குள் இருந்தது சாக்லெட்டா, விளையாட்டுப் பொருளா, எதற்காக வாங்கினோம் என்பதில் இருந்தது. நெகிழிக் குழாயில் உறையவைத்து விற்கும் ஐஸ் கிரீம் மலேசியாவில் ஆசாம் போய் சிறந்ததா, சிராப் சிறந்ததா என்ற வாக்குவாதத்தில் அரை மணி நேரம் போனது. கடைசியில் யாரோ, "மைலோ லாரி" என்றார்கள். எல்லாரும் அமைதியாகிவிட்டோம்.

பள்ளி விளையாட்டுப் போட்டி நாளில் அந்தப் பச்சை லாரி வாசலில் நுழைந்ததும் ஓட்டப் பந்தயத்தைப் பாதியில் விட்டவர்கள் உண்டு. சின்னஞ்சிறு காகிதக் கோப்பை. அதில் அவ்வளவு குளிர்ச்சியாக மைலோ. ஒன்றைக் குடித்துவிட்டு, தொப்பியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்பது எங்கள் பள்ளியின் எழுதப்படாத சட்டம். அதே மைலோவை வீட்டில் எத்தனை முறை கலக்கினாலும் அந்தச் சுவை வருவதில்லை. இரகசியக் கலவை என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எனக்கென்னவோ, வெயிலில் ஓடிக் களைத்து, காசு கொடுக்காமல், நண்பர்களுடன் நின்று குடித்ததுதான் அந்தக் கலவை என்று தோன்றுகிறது. இது எனக்கே எனக்கான நினைவு. 2013, 2014 வாக்கில் நானே வரிசையில் நின்று குடித்தது. ஆனால், தொண்ணூறுகளின் கேசட் அப்படியல்ல. அது எனக்கு நடந்ததில்லை. நடக்காத ஒன்றுக்காக ஏங்க முடியுமா?

முடியும் போலிருக்கிறது. ஆங்கிலத்தில் 'நாஸ்டால்ஜியா' என்கிறோமே, அந்தச் சொல் முதலில் ஒரு நோயின் பெயர். 1688ஆம் ஆண்டு ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டுக்காக இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி அதை உருவாக்கினார். ஒன்று வீடு திரும்புதல், மற்றொன்று வலி. வீட்டை விட்டுத் தொலைதூரம் போன சுவிட்சர்லாந்துக்காரர்கள் ஊர் நினைப்பிலேயே உடல் மெலிந்து படுத்துவிடுவதை அவர் நோயாகக் கருதினார். சொந்த வீட்டை நினைத்து ஏங்கினால் நாஸ்டால்ஜியா. நாம் வாழாத காலத்தை நினைத்து ஏங்கினால்? அதற்கும் அமெரிக்க எழுத்தாளர் ஜான் கோனிக் 'அனிமோயா' என்று ஒரு சொல்லை உருவாக்கியிருக்கிறார். என் தோழியிடம் இதைச் சொன்னேன். "பேரு இருக்குன்னா மருந்தும் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்குத் தள்ளினாள்.

சரி, கேசட்டுக்கு வருகிறேன்.

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் கேட்டேன். அவர் முக்காலி போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து ஒரு மேகி மீ அட்டைப்பெட்டியை இறக்கினார். தூசி தட்டவில்லை, திறக்கவுமில்லை.

"எடுத்துக்கிட்டுப் போ. ஆனா திரும்பக் கொண்டு வராதே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று அவரிடம் கேட்கத் துணிவில்லை. சாயங்காலம் அம்மா வடைக்குப் பருப்பு அரைக்கும்போது மெதுவாகப் பேச்சைத் தொடங்கினேன். அம்மா மாவிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார்.

அந்தக் கடையில் முழுக் கேசட் விற்பது ஒரு பக்கம். உண்மையான வருமானம், வாடிக்கையாளர் விரும்பும் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பதிந்து கொடுப்பதில் வந்தது. சம்பளம் போட்ட வாரக் கடைசியில் தோட்டங்களிலிருந்து வருபவர்கள் பாட்டுப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, சந்தைக்குப் போய்விட்டு வருவார்கள். 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். பாட்டு ஐந்து நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு ஒன்பது, இரண்டு பக்கத்துக்கும் பதினெட்டு. ஒவ்வொரு பாட்டையும் அது ஓடும் நேரம் முழுக்க ஓடவிட்டுத்தான் பதிய வேண்டும். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது. அதற்காகப் பாட்டுகளின் நிமிடங்களைக் கூட்டி, சின்னதும் பெரியதுமாக மாற்றி அடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் கேசட்டின் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பற்களை உடைத்துவிடுவார். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் தவறி வேறு எதையும் பதிந்துவிட முடியாது. மனம் மாறினால் அந்த ஓட்டையில் ஒட்டுத்தாளை ஒட்டினால் போதும், மறுபடியும் பதியலாம். ஒரு கேசட்டுக்கு 8 வெள்ளி. ஒரு நாளில் ஆறு பதிந்தால் அது பெரிய நாள்.

(அது காப்புரிமைக்கு எதிரானது இல்லையா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் பின்னர் அப்பாவிடம் கேட்டேன். "நானும் திருட்டுத்தான் பண்ணேன். என்கிட்ட இருந்து இன்னொருத்தன் திருடுனப்பதான் தெரிஞ்சுச்சு" என்று சிரித்தார்.)

அந்த இன்னொருத்தன் எம்பி3. ஒரு குறுவட்டில் நூற்றைம்பது பாட்டு வரை அடங்கும். பாசார் மாலாமில் 5 வெள்ளிக்குக் கிடைத்தது. அப்பாவின் கணக்கில் நூற்றைம்பது பாட்டு என்றால் எட்டுக் கேசட்டுக்கு மேல். 64 வெள்ளிக்கு மேல். இரண்டு நாள் வேலை. யார்தான் அவரிடம் வருவார்கள்? விசிடி வாடகைக்கு விட்டுப் பார்த்தார். படங்கள் கீறலோடு திரும்பி வந்தன. சில திரும்பவே இல்லை. 2006ஆம் ஆண்டு யோகி பி - நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்தபோது மட்டும் இளைஞர்கள் தேடி வந்து அசல் இசைவட்டு வாங்கினார்களாம். "நம்ம ஊரு பசங்க பண்ணதுண்ணே, இதத் திருடக் கூடாது" என்று ஒரு தம்பி சொன்னதை அப்பா இன்னும் சொல்வார். அதை நம்பி அடுத்த தீபாவளிக்குக் கடன் வாங்கிச் சரக்குப் போட்டார். சரக்கு நின்றுவிட்டது. அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவை திரும்பி வரவில்லை.

"அப்புறம் வாடகை யார் கட்டுனா?" என்றேன்.

அம்மா உருட்டிய வடையை உள்ளங்கையில் தட்டி எண்ணெயில் விட்டார். அதுதான் பதில். கடை வாசலில், கேசட் விளம்பரத்துக்குக் கீழே, மேசை போட்டு அம்மா சாயங்காலத்தில் பருப்பு வடையும் உளுந்து வடையும் போட்டார். கடைசி ஓராண்டு கடை வாடகை வடையில்தான் போனது. நான் தரையில் உட்கார்ந்து தின்ற அந்த வடை எங்கள் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்த வடை. கடையை மூடிய பின்பும் அம்மா வடையை விடவில்லை. அப்பா செம்பனை எண்ணெய் லாரி ஓட்டப் போனார், இன்றும் ஓட்டுகிறார்.

நான் 'தொண்ணூறுகளின் மூலை'யில் ஒட்டுவதற்கு 'பொற்காலம்' என்று வண்ணத்தாளில் வெட்டி வைத்திருந்தேன். அன்று இரவு அந்த எழுத்துகளைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அதற்காகப் பெட்டியைத் திறக்காமல் இருக்க முடியுமா? முப்பது கேசட்டுகள் இருந்தன. பாதியில் பூஞ்சை பிடித்து, நாடா ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது தப்பாது. கேசட்டுகளுக்கு அடியில் ஒரு பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகம் கிடந்தது. அப்பா அதில்தான் பாட்டுக்கு வந்தவர்களின் குறிப்புகளை எழுதியிருக்கிறார். பெயர்கள் குறைவு; அடையாளங்கள்தான் அதிகம்.

'லயத்து அக்கா - தாலாட்டு மட்டும். பெண் குழந்தை' என்று ஒன்று. 'லாரி அண்ணன் - தூக்கம் வராத பாட்டு, இரண்டு பக்கமும்' என்று இன்னொன்று. 'கல்யாண வீடு - சோகப் பாட்டு ஒன்றுகூட வரக்கூடாது' என்பதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: 'பள்ளிக்கூடத் தம்பி - யாருக்கு என்று சொல்லவில்லை. காதல் 17. முதல் பாட்டு மட்டும் அம்மா பாட்டு.' வீட்டில் யாராவது எடுத்துப் போட்டுப் பார்த்தால் தப்பிக்க வேண்டுமே! இன்று நாம் கைப்பேசியில் பாட்டுப் பட்டியல் அமைத்துத் தோழிக்கு அனுப்புகிறோம். அதற்குள் என்னென்ன தந்திரம் வைக்கிறோம்! அந்தத் தம்பி 8 வெள்ளி கொடுத்து, என் அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று அதைக் கேட்டிருக்கிறார். துணிச்சல்காரர்.

புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து கடன் கணக்கு. சில வரிகள் அடிக்கப்பட்டிருந்தன, பல அடிக்கப்படவில்லை. அடிக்காதவற்றைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு வளையல் மீண்டிருக்குமோ இல்லையோ, ஒன்று மீண்டிருக்கும்.

நிகழ்ச்சியில் அந்தப் புத்தகத்தைத் திறந்துவைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். சற்று யோசித்தார்.

"பாட்டுப் பக்கத்தக் காட்டு. கடன் பக்கத்தக் காட்டாதே. அவங்க புள்ளைங்களும் அங்கதான் படிக்கும்."

பின்பக்கங்களை இறுக்கிக் கவ்விப் போட்டுப் பூட்டிவிட்டேன். 'பொற்காலம்' எழுத்துகளை எடுத்துச் செல்லவில்லை.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒரு பிரச்சினை. பழைய பொருள் விற்பவரிடம் வாங்கிய கேசட் இயந்திரம் பாட்டை இழுத்து இழுத்துப் பாடியது. பெண் குரல்கூட ஆண் குரலாகக் கேட்டது. அப்பா லாரியை ஓரங்கட்டிவிட்டுப் போனில் வைத்தியம் சொன்னார். உள்ளே இருக்கும் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கும், அதை மாற்று என்றார். பூஞ்சை பிடித்த கேசட்டைத் தப்பித் தவறியும் போடாதே, நாடா உரசும் தலைப்பகுதியில் அப்பிக்கொண்டு மற்றக் கேசட்டுகளையும் கெடுத்துவிடும் என்றார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அந்தத் தலையைத் துடைக்கச் சொன்னார். பதினேழு ஆண்டுகளாக அந்தத் தொழிலைத் தொடாத மனிதர், என்ன சத்தம் வருகிறது என்று போனில் கேட்டே அது எந்தக் கோளாறு என்று சொன்னார். பேசி முடித்ததும், "இதுக்கு யூடியூப்ல போட்டுட்டுப் போகலாம்லா. கீச்சுச் சத்தமும் இருக்காது" என்றும் சொன்னார்.

மறுநாள் அப்பாவே காரை ஓட்டிக்கொண்டு அம்மாவையும் இரண்டு பெரிய வாளி வடை மாவையும் கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் மூலையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் தொங்கவிட்டிருந்த கேசட்டுகளில் ஒன்று தலைகீழாக இருந்தது, அதை நேராக்கினார். பென்சிலை வைத்து நாடா சுற்றிக்கொண்டிருந்த ஒரு மாணவனிடம், "எதிர்ப்பக்கமா சுத்துறீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு, வடைச் சட்டிப் பக்கம் போய்விட்டார். எங்கள் மூலையில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வரிசை நின்றது என்னவோ வடைக்கு. இரவு எட்டரைக்கெல்லாம் மாவு தீர்ந்துவிட்டது. பச்சை மிளகாயைக்கூட விட்டுவைக்கவில்லை.

பயிற்சிப் புத்தகத்தின் முன்னால்தான் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. நிகழ்ச்சிக்கு வந்திருந்த சில பெற்றோர் அதை நின்று நிதானமாகப் படித்தார்கள். ஒரு தந்தை 'அம்மா பாட்டு' வரியைக் காட்டித் தன் மனைவியிடம் ஏதோ சொல்ல, அந்த அம்மா அவர் தோளில் அடித்தார். அவர்கள் எந்த ஊர் என்று கேட்கலாம் என்று நான் நெருங்குவதற்குள் வடை வரிசைக்குப் போய்விட்டார்கள். தெலுக் இந்தானாக இருக்க வாய்ப்பு குறைவுதான். கேட்டிருக்கலாம்.

எல்லாம் முடிந்து, மேசை துடைத்து, அப்பா காசை எண்ணினார். நோட்டை மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, "கேசட்டுல ஒரு நாள்கூட இவ்வளவு பார்த்ததில்ல" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், சிரித்தார்.

பெட்டியைக் காரில் ஏற்றட்டுமா என்று கேட்டேன். அப்பா தலையை ஆட்டினார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். புத்தகத்தை மட்டும் கையில் எடுத்து, கவ்வியைக் கழற்றி, பின்பக்கத்தை ஒரு முறை புரட்டிப் பார்த்தார். பிறகு பழையபடி கவ்வியைப் போட்டு என்னிடமே கொடுத்தார்.

இப்போது பெட்டி விடுதியில், என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. என் தோழிக்கு அடிக்கடி அதில் கால் இடிக்கிறது. இடிக்கும்போதெல்லாம் 'நம்ம காலம்' என்று அவளிடம் நினைவுபடுத்துகிறேன்.